சாட்சிக் கையெழுத்து

எலும்பு நாள்பட நாள்பட எடை குறையும், இல்லையென்றால் அப்படியே நிற்கும். கூடுவதில்லை. அதனால் நாற்பத்தோராம் பெட்டி போன வருடத்தைவிட இருபத்தாறு கிராம் கூடுதலாகக் காட்டியபோது ஸாலிஹா முதலில் தராசைத்தான் சந்தேகித்தாள்.

"தராச காலையிலதான் பாத்தன் மெடம். ஒரு பிழையுமில்ல," என்றான் ரிஸ்கான். களஞ்சிய அறைக்குப் பொறுப்பான தொழில்நுட்பவியலாளர் அவன். "ஈரம் இழுத்திரிக்கும். இந்த மழைக்கு அரிசி மூடையே ஈரம் இழுக்குதே."

பெட்டி பிளாஸ்ரிக், மூடி இறுக்கமானது, மேலே முத்திரை. ஈரம் எந்த வழியால் போகும் என்று அவள் கேட்கவில்லை. அவன் கண் சுவர் மணிக்கூட்டில் இருந்தது. சட்டையில் அத்தர் மணம் ஏற்கெனவே ஏறியிருந்தது.

"ஜும்ஆவுக்கு நேரமாகுது. போய்ட்டு வந்து மறுகா ஒருக்கா நிறுத்துப் பாப்பமா?"

"போய்ட்டு வாங்க. நான் பாத்துக்கிறன்."

சொல்லி முடித்த பிறகுதான் அது பழைய வாக்கியம் என்பது உறைத்தது. இரண்டு வருடங்களுக்கு முன் இன்னொரு வெள்ளிக்கிழமை, இதே அறையில், இதே மனிதனிடம் அவள் சொன்ன அதே வார்த்தைகள். ரிஸ்கானுக்கு அது நினைவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தான்.

"ஓட்டமாவடி உம்மா வந்து வாங்கில இரிக்கா மெடம். மழையில நனைஞ்சும் போட்டா."

அவன் போனான். அவனோடு மற்ற இரண்டு ஊழியர்களும் தொழுகைக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் நாவற்குடாவில் வாவிக்கரையோரமிருந்த அந்தக் கட்டடத்தில் ஸாலிஹா மட்டும்தான் மிஞ்சுவாள். குளிரூட்டியின் இரைச்சலும், கூரையில் மழையும், எங்கோ ஓட்டை விழுந்த பீலியிலிருந்து வாளிக்குள் சொட்டுகிற தண்ணீரும் மிஞ்சும்.

கிழக்கு மாகாணத்திலிருந்த மூன்று தடயவியல் ஆய்வுகூடங்களுக்கு அவள் மேலாளர். கேட்கப் பெரிய உத்தியோகம். உண்மையில் பெட்டிகளை எண்ணுவதும், முத்திரை உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதும், மற்றவர்கள் செய்த வேலைக்குக் கீழே தன் பெயரை எழுதுவதும்தான் வேலை. அதையும் அவள் தமிழில்தான் எழுதுவாள், கிறுக்காமல், ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக. "மெடம் கையெழுத்துப் போடல்ல, பேர் எழுதுறா," என்று பெடியன்கள் பகிடி பண்ணுவார்கள். வாசிக்க முடியாத கையெழுத்து யாருடையதும் இல்லை என்று அவள் திருப்பிச் சொல்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

திங்கட்கிழமை தரச் சான்றிதழ்க்காரர்கள் கொழும்பிலிருந்து வருகிறார்கள். அதற்கு முன் நாற்பத்தோராம் பெட்டியின் கோப்பை மூடியாக வேண்டும். மேசையில் படிவம் தயாராகக் கிடந்தது: 'அடையாளம் காண இயலாதவை. பொது மயானத்தில் அடக்கம் செய்யப் பரிந்துரை.' கீழே ஒரு கையெழுத்து விழுந்தால் போதும். வெளியே வாங்குப் பலகையில் இருக்கிற உம்மாவுக்கு அதற்குப் பிறகு கேட்பதற்கு ஒன்றுமிருக்காது.

அந்த உம்மா, சித்தி நபீஸா, இரண்டு வருடமாக ஓட்டமாவடியிலிருந்து மாதம் ஒருதரம் வருகிறாள். அழுவதில்லை, சண்டை போடுவதில்லை. இறந்த மகன் அம்ஜத்தின் மையித்தை எப்போது தருவீர்கள் என்று கேட்பாள், பரிசோதனை முடியவில்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு தலையாட்டுவாள். ஆனால் கடைசி ஏழு வாரமாக வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தாள். கேள்வியும் மாறிவிட்டது.

"அவன குளிரான இடத்திலயா மகள் வெச்சிரிக்கீங்க?"

"ஓம் உம்மா. பதினெட்டுப் பாகையில."

"வெள்ளிக்கிழம பகல்ல கண்ணசந்தா வந்து நிக்கிறான். சுடுதும்மா எண்டு சொல்றான். தண்ணில மௌத்தான புள்ள மகள். அவனுக்கு என்னத்துக்குச் சுடணும்? நீங்க படிச்ச ஆள், அதான் கேக்கிறன்."

நெருப்பைப் பற்றி யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லக் கூடியவள் உலகத்தில் ஒருத்திதான், அவளும் மூச்சு விடவில்லை.

நடந்தது இதுதான். பனிச்சங்கேணிப் பக்கம் வெள்ளத்தில் ஒரு தோணி கவிழ்ந்தது. தோணியில் இரண்டு கூட்டாளிகள், அம்ஜத்தும் பிரதீஸும். ஒரே வயது, ஏறக்குறைய ஒரே உயரம், நண்டுக்கு வலை போடப் போனவர்கள். நாலு மாதம் கழித்துக் சதுப்பில் நிற்கும் கண்ணாமரங்களின் வேருக்குள்ளிருந்து இரண்டு பேரின் எலும்புகளையும் எடுத்து இரண்டு பெட்டிகளில் அனுப்பினார்கள். பெட்டியைத் திறந்து பரிசோதனைக்குத் துண்டு வெட்டும்போது ஒருவர் வெட்ட வேண்டும், ஒருவர் பக்கத்தில் நின்று இலக்கத்தைப் பார்த்துச் சாட்சிக் கட்டத்தில் கையெழுத்திட வேண்டும். ஆய்வுகூடத்தின் முதலாவது விதி அது. அன்று ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது. ரிஸ்கான் தனியே அவசரமாக வெட்டி வைத்துவிட்டு ஓடினான். சாட்சிக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. மேலிடத்திலிருந்து அறிக்கை எங்கே என்று தொலைபேசி. மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு ஸாலிஹா, எதையும் பார்க்காமல், அந்தக் கட்டத்தில் தன் பெயரை அழகாக எழுதினாள்.

வெட்டிய துண்டுகளின் இலக்கங்கள் மாறியிருந்தன. பிரதீஸின் தாய் இரத்தினம்மாவுக்கு ஒரு பெட்டி போனது. அந்த ஊரில் புதைப்பதும் உண்டு, எரிப்பதும் உண்டு. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரத்தினம்மா சொன்னது ஸாலிஹாவுக்கு இன்னும் காதிலிருக்கிறது.

"எரிக்கத்தான் வேணும் மிஸ். நாலு மாசம் தண்ணிக்குள்ள விறைச்சுக் கிடந்த புள்ள. போகக்குள்ளயாவது சூடாப் போகட்டும்."

சாம்பலை வாவியில் கரைத்தார்கள். ஒரு மாதம் கழித்து, சித்தி நபீஸாவுக்குக் கொடுக்க இருந்த மற்றப் பெட்டியை, இந்த நாற்பத்தோராம் பெட்டியைத் திறந்த ஸாலிஹா, இடது முன்கை எலும்பில் பழைய முறிவு பொருந்திய தழும்பைக் கண்டாள். சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்து கை முறிந்த பிள்ளை பிரதீஸ். தாய் கொடுத்த வாக்குமூலத்தில் அது எழுதியே இருந்தது.

அம்ஜத்தைத்தான் எரித்திருந்தார்கள். மையித்தைச் சுடுநீரில்கூடக் குளிப்பாட்டாத, நோகும் என்று மெல்லத் தொடுகிற ஒரு சனத்தின் பிள்ளையை.

அவள் பெட்டியை மூடினாள். எரிந்தது திரும்பி வரப்போவதில்லை, இரண்டு தாய்மாரையும் எதற்கு இன்னொரு தரம் கொல்ல வேண்டும் என்று தனக்குத் தானே சொன்னாள். அது இரக்கம் என்றே நம்பினாள். அது பயம்தான் என்பதும் அவளுக்கு எப்போதோ தெரியும்.

இப்போது அவள் நாற்பத்தோராம் பெட்டியை மறுபடி தூக்கித் தராசில் வைத்தாள். இலக்கம் ஓடி நின்றது. அறுபத்துநாலு கிராம் கூடுதல்.

எடுத்தாள். தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தாள். வைத்தாள். நூற்றுப்பத்து.

கையை எடுக்கும்போதுதான் பெட்டியின் அடிப்பக்கம் இளஞ்சூடாக இருப்பது தெரிந்தது, அப்போதுதான் யாரோ தேநீர்க் கோப்பையைத் தூக்கிவிட்டுப் போன மேசை மாதிரி. அறை பதினெட்டுப் பாகை. பக்கத்துப் பெட்டிகளைத் தொட்டுப் பார்த்தாள். நாற்பது குளிர்ந்திருந்தது, நாற்பத்திரண்டும் குளிர்ந்திருந்தது. மணமும் வந்தது. மருந்து மணத்துக்கும் அட்டைப் பெட்டிகளின் பூஞ்சண மணத்துக்கும் அடியிலிருந்து, மெல்ல, கற்பூரம். பிறகு நெய். பிறகு மழை பெய்து அணைந்த அடுப்பின் மணம்.

தூரத்துப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் கேட்டது. மழைக்குள் சொற்கள் கரைந்துபோய் ஒரு மனிதன் யாரையோ கண்டிக்கிற தொனி மட்டும் வந்தது.

மூடியின் மேல் ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள், கடைசியாக முத்திரையிட்டபோது வைத்த புதிய திறப்புத் தாள் இருந்தது. யார் திறந்தது, யார் சாட்சி, எத்தனை மணிக்கு. முத்திரை உடையாததால் யாரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. அவள் எடுத்தாள்.

ஏழு வரிகள் இருந்தன. ஏழும் வெள்ளிக்கிழமைகள். ஏழும் பன்னிரண்டு நாற்பது. திறந்தவர் என்ற கட்டம் ஏழிலும் வெறுமை. சாட்சிக் கட்டத்தில் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக, கிறுக்கில்லாமல், அவளுடைய பெயர்.

தான் எழுதவில்லை என்று அல்லாஹ் மேல் ஆணையிட அவள் வாயெடுத்தாள். முடியவில்லை. அந்த வெள்ளிக்கிழமைகளில் பகலில் எங்கே இருந்தாள்? அறையில். சாப்பாட்டுப் பார்சல் திறக்காமலே கிடக்கும். வலது கை விறைத்திருக்கும். கணினியில் தட்டியதால் என்று நினைத்தாள்.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு முப்பத்தெட்டு.

ஓடிவிடலாம் என்று நினைத்தாள். வெளியே வாங்கில் உம்மா இருக்கிறாள், அவளிடம்தான் ஓட வேண்டியிருக்கும். அதைவிட இந்த அறை பரவாயில்லை என்று தோன்றியது. அதற்காக அவள் தன்னை வெறுத்தாள். தாளை மேசையில் விரித்து, எட்டாவது வரியின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள்.

குளிரூட்டி நின்றது. மின்சாரம் போகவில்லை, விளக்கு எரிந்தது. குளிரூட்டி மட்டும் நின்றது.

சொட்டு. வாளிக்குள். சொட்டு.

பன்னிரண்டு நாற்பது. அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். அவ்வளவுதான், கண்ணை ஒருதரம் உயர்த்தியது மட்டும். கீழே பார்த்தபோது எட்டாவது வரியில் மை ஈரமாக இருந்தது. பேனை அவள் விரல்களுக்குள் இருந்தது.

முத்திரை கிழிந்திருந்தது.

மூடியை அவள் தூக்கினாளா, அது தானாகவே சரிந்ததா என்பதை அவளால் பிறகு நினைவுபடுத்த முடிந்திருக்காது. உள்ளே எலும்புகள் அவள் அடுக்கியபடியே இருந்தன. தொடை எலும்பு, விலா, முறிந்து பொருந்திய முன்கை. அவற்றைச் சுற்றி நிறைய சாம்பல். சாம்பல் சும்மா கொட்டிக் கிடக்கவில்லை. பிரதீஸின் கை எலும்புகளின் விரலிடுக்குகளில், சாம்பலால் ஆன ஐந்து விரல்கள் கோத்துப் பிடித்திருந்தன. நகங்கள் இருந்தன. மணிக்கட்டில் வலைக்கயிறு அறுத்த தடம் இருந்தது. தோணி கவிழும்போது ஒருவன் மற்றவனை எப்படிப் பிடித்திருப்பானோ அந்தப் பிடி.

ஸாலிஹா அழுதாள். பயத்தில் இல்லை, பரிதாபத்தில் அழுதாள். கூட்டாளியைத் தேடி வாவி முழுக்க அலைந்து வந்திருக்கிறான் பிள்ளை. அந்தக் கையைத் தொடத்தான் அவள் வலது கையை நீட்டினாள். விரல் நுனி பட்டது.

சாம்பல் கை, கோத்த பிடியை விட்டது.

பிறகு பெட்டிக்குள் எலும்பு மட்டும் இருந்தது. சாம்பலை எங்கும் காணவில்லை. அவள் கை மணிக்கட்டு வரை நரைத்திருந்தது. சுட்டது. குழாயைத் திறந்து பிடித்தாள், தேய்த்தாள். சாம்பல்நிறத் தண்ணீர் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. கை வெளுக்கவில்லை.

"மகள்."

களஞ்சிய அறையின் வாசலில் சித்தி நபீஸா நின்றாள். ஈர முந்தானை தலையில், கையில் ஒரு பிளாஸ்ரிக் போத்தல் தண்ணீர். வெளியாள் அந்த வாசலுக்கு வரக் கூடாது, ஆனால் தடுக்க யாருமில்லை.

"பஸ்ஸுக்கு நேரமாகுது. போக முதல் கேட்டுட்டுப் போவமெண்டு வந்தன். குளிரான இடத்திலதானே வெச்சிரிக்கீங்க?"

ஸாலிஹா கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்தது. இப்போது சொல்லிவிட்டால் எல்லாம் முடியும். மேசையில் படிவம். திங்கட்கிழமை கொழும்பு ஆட்கள். இருபத்திரண்டு வருட உத்தியோகம். வழக்கமான பதில் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. ஓம் உம்மா, பதினெட்டுப் பாகையில. அதைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"சுடுதும்மா."

அவள் வாயிலிருந்து வந்தது ஆண் குரல். இளம் குரல். தொண்டைக்குள் தண்ணீர் நிற்கிற குரல்.

உம்மா திடுக்கிடவில்லை. இரண்டு வருடம் காத்திருந்த முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. பார்க்க முடியாத மலர்ச்சி அது.

"ஓம் வாப்பா. உம்மா வந்திட்டன்."

முதுகுக்குப் பின்னாலிருந்த கை தானாகவே முன்னால் வந்தது. உம்மா அதைப் பற்றிப் போத்தல் தண்ணீரை ஊற்றினாள், மையித்தைக் குளிப்பாட்டுகிறவர்கள் ஊற்றுவதுபோல மெல்ல, நோகாமல். நரைத்த தண்ணீர் இருவர் கால்களையும் நனைத்தது. உம்மா இது நான், ஸாலிஹா. உள்ளே எங்கேயோ இருந்து அவள் கத்தினாள். கத்தல் வெளியே வரவில்லை.

"சுடுதும்மா."

"ஆரு மகன்? ஒன்ன ஆரு சுட்டது?"

போத்தல் தண்ணீர் முடிந்துவிட்டது. கை, உம்மாவின் உள்ளங்கையை மலர்த்திப் பிடித்தது. சுட்டுவிரல் நீண்டது. ஈரச் சாம்பலால் எழுதத் தொடங்கியது, கிறுக்காமல், ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக.

உம்மா உள்ளங்கையை வாசல் வெளிச்சத்துப் பக்கம் கொஞ்சம் திருப்பினாள். அதிகம் படிக்காதவள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள்.

"ஸா," என்றாள். நின்றாள். "லி."

விரல் இன்னும் எழுதிக்கொண்டிருந்தது.