சித்திரைக் காய்ச்சல்

விடிந்ததும் கதவு திருமாறனின் கையைக் கேட்டது. அவன் கொட்டாவி விட்டபடி இடது மணிக்கட்டை நீட்டினான். தோலுக்கடியில் அரிசி அளவில் பதித்திருந்த காப்புமணியைக் கதவு படித்தது. "உடம்பு நலம்" என்றது. நிலைக்கு மேலே பச்சை விளக்கு எரிந்தது. அடுத்து அவன் மனைவி அல்லி நீட்டினாள். செவ்வாய்க் கோளின் செந்நிலக் குடியிருப்பில் பல் தேய்ப்பதற்கு முன்னால் எல்லாரும் செய்கிற காரியம் இது. ஒருவருக்குச் சூடு ஏறினாலும் போச்சு, விளக்கு சிவப்பாகிவிடும். கதவு பூட்டிக்கொண்டால் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், கழித்துத்தான் திறக்கும்.

மூச்சுக் காய்ச்சல் வந்து மூன்று வருஷமாகிவிட்டது. பச்சை வீட்டுக்காரர்கள் நடைக்கூடத்தில் உலாவலாம், அடுத்த வீட்டு வாசலை மட்டும் மிதிக்கக் கூடாது. பிறந்தநாள், காதுகுத்து, சாவு எல்லாம் திரையில்தான். இந்தச் சித்திரை முதல் நாளுக்குத்தான் முதன்முறையாக ஒரு தளர்வு. இன்று பச்சை வீடுகள் ஒன்றையொன்று போய்ப் பார்க்கலாம். சாயங்காலத்துக்குள் காய்ச்சல் கூடவில்லை என்றால் அத்தனை கதவும் நிரந்தரமாகத் திறந்துவிடும். அந்த அறிவிப்பை எழுதியவனே திருமாறன்தான். நோய்க்கணக்கு அலுவலகத்தில் துணை இயக்குநர் அவன். எழுதி முடித்த அன்று பெருமையில் தரையில் கால் பாவவில்லை.

காலைப் பலகாரத்துக்கு முன்பே திரையில் அவன் தம்பி வளவன் வந்துவிட்டான். குளித்து, புது வேட்டி கட்டி, தலையைப் படிய வாரியிருந்தான்.

"அண்ணே, இப்பவே கிளம்பட்டுமா? மாங்காய்ப் பச்சடி கிண்டியிருக்கேன். முல்லை பக்குவம்தான். வெல்லம் மட்டும் கொஞ்சம் தூக்கலாப் போச்சு."

முல்லை அவன் மனைவி. முதல் அலையிலேயே போய்விட்டாள். அன்றிலிருந்து ஆறாம் கோபுரத்து ஒற்றை அறையில் வளவன் தனியாகத்தான் கிடக்கிறான். ஒரு மனிதர்கூட அவன் அறைக்குள் கால் வைத்ததில்லை.

"வாடா, வா" என்று சொல்லித் திரையை அணைத்துவிட்டுத் திருமாறன் மனைவியைப் பார்த்தான். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரட்டும், பாவம்" என்றாள் அல்லி. "ஆனா வந்தா எந்திரிக்க மாட்டாரே. முல்லை கதையை முதல்லேருந்து ஆரம்பிப்பாரு. அழுவாரு. நாமளும் கூட உட்கார்ந்து அழணும். நல்ல நாளும் அதுவுமா..."

அவள் சொன்னதில் பொய் இல்லை. வாரம் தவறாமல் திரையில் அதே கதையைத்தான் வளவன் சொல்வான். முல்லை கடைசியாக என்ன கேட்டாள், இவன் என்ன சொன்னான் என்று. திரையென்றால் வசதி. "அலை விட்டு விட்டு வருதுடா" என்று சொல்லி அணைத்துவிடலாம். நேரில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தவனை எதை அழுத்தி அணைப்பது?

அல்லி கொதிக்கக் கொதிக்க இருந்த காபி டம்ளரை அவன் பக்கமாக நகர்த்தினாள், அவ்வளவுதான். காப்புமணிமேல் சூடான பாத்திரத்தை வைத்தால் அது காய்ச்சல் என்று நம்பிவிடும். பரீட்சைக்குப் பயந்த பிள்ளைகள் கண்டுபிடித்த வித்தை இது. ஊருக்கே தெரியும், அதிகாரிகளுக்கு மட்டும் தெரியாத மாதிரி. லட்சம் வீட்டுக் கணக்கில் தன் ஒரு வீடு எந்த மூலைக்கு என்று திருமாறன் நினைத்துக்கொண்டான். பல்லைக் கடித்துக்கொண்டு டம்ளரை மணிக்கட்டில் அழுத்தினான். தோல் சுரீரென்றது. அந்தச் சூட்டோடு கதவிடம் நீட்டினான். விளக்கு சிவந்தது.

தம்பியை அழைத்தான். "காய்ச்சல்டா. இப்பத்தான் பார்த்தோம்."

வளவன் முகம் வெளுத்துவிட்டது. "மூச்சு வாங்குதா அண்ணே? நல்லாப் பார்த்துச் சொல்லு. முல்லைக்கும் முதல்ல வெறும் சூடுதான் வந்துச்சு."

"இல்லடா... அலை சரியில்ல, அப்புறம் பேசறேன்."

அணைத்த பிறகு பலகாரத் தட்டை ஒதுக்கி வைத்தான். இப்படிச் செய்தோமே என்று மனசு குத்தியது. செய்தது செய்தாகிவிட்டது, நாளைக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று அதைத் தட்டி உட்காரவைத்தான்.

உட்காரவிட்டால்தானே. அலுவலகத் திரை தானாகவே உயிர்பெற்று அலற ஆரம்பித்தது. செந்நிலத்தின் வரைபடம் அம்மை போட்ட உடம்பு மாதிரி சிவந்துகொண்டே வந்தது. அவன் வீடு மட்டுமல்ல, ஊரே சிவப்பு. மருத்துவமனைக்கோ ஒருவரும் வரவில்லை. ஒரு இருமல்கூட இல்லை. கணக்கில் புழங்குகிறவன் கண்ணுக்கு இன்னொன்றும் பட்டது. பூமியிலிருந்து ஒண்டிக்கட்டையாக வந்து, இங்கே சொந்தபந்தம் என்று யாருமே இல்லாதவர்களின் கோபுரம் மட்டும் பளிச்சென்று பச்சையாக இருந்தது.

திருமாறனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நோய் எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டது. வீட்டுக்கு வீடு விருந்தாளிதான் வரப் பார்த்திருக்கிறான்.

அவசரக் கூட்டம் திரையில் கூடியது. மருத்துவர் ஒருவர் புதுக் கிருமி என்றார். இன்னொருவர் பாயச ஆவியில் அது பெருகுகிறதோ என்று சந்தேகப்பட்டார். இயக்குநர் வான்மதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த எண்ணிக்கைக்கு வேறு காரணம் ஏதாவது இருக்குமா? திருமாறன், நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். "தெரியவில்லை அம்மா" என்றான்.

"அப்படியானால் கதவுகள் இன்னும் ஒரு வருஷம் பூட்டியே இருக்கட்டும். சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள்."

எல்லாரும் தூக்கினார்கள். வழக்கமாக வலது கையைத்தானே தூக்குவோம், அன்றைக்கும் அதையேதான் தூக்கினார்கள். இடது கைகள் மேசைக்கடியிலும் முந்தானைக்குள்ளும் இருந்தன. வான்மதி மட்டும் கண்ணாடியைச் சரிசெய்ய, மறந்துபோய் இடது கையை உயர்த்தினார். மணிக்கட்டில் வட்டமாகப் புது மருந்துப்பட்டி. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. திருமாறனும் கை தூக்கியிருந்தான். அந்த நிமிஷம் அவனுக்குத் தன்மேல் வந்த அருவருப்பை என்னவென்று சொல்வது.

கூட்டம் கலைந்த கையோடு பூட்டியிருந்த வீட்டுக் கதவு திறந்தது. சிவப்பு வீட்டுக்குள் ஒரே ஒரு உறவினர், நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்காக, விரும்பினால் வரலாம். ஆனால் வந்தவரும் உள்ளேயேதான் அடைபட வேண்டும். சட்டத்தில் அப்படி ஒரு வழி இருந்ததையே ஊர் மறந்துவிட்டிருந்தது. கையில் தூக்குவாளியோடு வளவன் நின்றான். உள்ளே வந்ததும் கதவு அவன் முதுகுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டது.

"எந்திரிக்காத அண்ணே, படு" என்று பின்னங்கையை அண்ணன் நெற்றியில் வைத்துப் பார்த்தான். கழுத்தில் வைத்தான். முகமெல்லாம் மலர்ந்தது. "சில்லுன்னு இருக்கே. மதினி, காய்ச்சல் விட்டுருச்சு பாருங்க."

அல்லி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வளவன் நாடி பார்க்க அண்ணனின் இடது கையைத் திருப்பினான். டம்ளர் அடி அளவுக்குச் சிவந்து, ஓரத்தில் கொப்புளம் கட்டிய வட்டம். அதை அவன் வெகுநேரம் பார்த்தான்.

"வளவா, நான் வந்து..." என்று ஆரம்பித்த திருமாறன் கூசிப்போய்க் கையை இழுத்தான். தம்பி விடவில்லை.

"மதினி, தேங்காய் எண்ணெய் இருந்தாக் கொடுங்க."

வாங்கி, விரல்நுனியில் தொட்டு, கொப்புளம் உடையாமல் மெதுவாகத் தடவினான். தலை நிமிரவில்லை.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் கிளம்பியிருப்பேன் அண்ணே" என்றான். "இப்பப் பாரு, ஒரு மண்டலத்துக்கு உங்களுக்குத் தொந்தரவு."