துடைக்காமல் விட்ட பொட்டு

செவ்வாயில் உள்ள செம்பாலைக் குடியிருப்பில் ஆயுத பூசையன்று முதல் பொட்டு மூச்சுப்பொறிக்குத்தான். குழந்தைகள் கூடத்துக்குக் காற்று தரும் பொறி அது. அதன் மின்பலகைக்கும் சந்தனம் உண்டு. ஓடும் மின்சாரத்தில் கை வைக்க முடியாதென்பதால், நீளமான காப்புத்தடியின் நுனியில் சந்தனத்தைத் தொட்டு வைப்பார்கள்.

இந்த வருடப் பொட்டுகளைத் துடைக்கச் சொன்னவர் தலைமைப் பொறியாளர் பூதலிங்கம். பூமியிலிருந்து கொள்முதல் குழு வருகிறது, பார்த்தால் சிரிப்பார்கள் என்றார். அது பாதி உண்மைதான். பலகைக்குள் ஒரு செம்பு இணைப்பு தளர்ந்து, சில வாரங்களாகச் சூடேறி வந்தது. அதை இறுக்க வேண்டுமானால் பொறியை நிறுத்தி, குழந்தைகளை வேறு கூடத்துக்கு மாற்றி, பூமிக்குக் காரணம் சொல்ல வேண்டும். மனிதர் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். குழுத்தலைவி ஜெசிந்தாவும், படம் எடுக்கப் போகிறோம், எல்லாம் பளிச்சென்று இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். காப்புத்தடியில் துணி சுற்றிச் செம்பைக் கண்ணாடி போலத் தேய்த்து வைத்தார்கள்.

எதை வாங்கலாம் என்று சோதித்துப் பார்க்க, குழு இரண்டு வெப்பக்கண்களைக் கொண்டுவந்தது. சூட்டை நிறமாகக் காட்டும் கருவிகள். குளிர்ந்தது நீலம், சூடானது சிவப்பு. முதல் கருவி பலகை முழுவதையும் அழகான நீலத்தில் காட்டி, 'நலம்' என்றது. எல்லோருக்கும் அதைப் பிடித்துவிட்டது. இரண்டாவது ஒரு முசுடு.

"பளபளக்கும் செம்பு தன் சூட்டைக் காட்டாது. எதிரில் இருப்பதைத்தான் காட்டும். இதை நம்பி நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றது. பிறகு, "ஒரு இடத்தைத் தவிர" என்று சேர்த்துக்கொண்டது.

நீலத்தின் நடுவே சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி. இணைப்பின் அடியில், தேய்த்தவர்கள் கண்ணில் படாமல் தப்பிய, பளபளப்பில்லாத ஒரு சந்தனப் பொட்டு.

"ஏதோ அழுக்கு. துடைச்சிடுங்க" என்றாள் ஜெசிந்தா.

பூதலிங்கம் தடியில் துணியைச் சுற்றித் துடைத்தார். புள்ளி போய்விட்டது. ஆனால் திரையில், செம்பின் மேல் இப்போது வேறொரு சிவப்பு தெரிந்தது. அவருடைய முகம்.

"எதிரே நிற்பவர் விலகவும்" என்றது கருவி. குழு சிரித்தது. சுவருக்கு அப்பால் குழந்தைகள் ஏதோ பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு உடம்பே கூசிப்போயிற்று.

"அது அழுக்கில்ல மேடம். சூடு அங்கதான் இருக்கு. தெரிஞ்சுதான் தேய்க்கச் சொன்னேன்."

ஜெசிந்தா குனிந்து செம்பைப் பார்த்தாள். திரையில் இரண்டாவது முகம் ஒன்று சிவந்தது.

அன்றே குழந்தைகளை மாற்றினார்கள். இணைப்பைக் கழற்றியபோது திருகாணி கரியாகியிருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் கூடத்தில் காற்று நின்றிருக்கும். முசுட்டுக் கருவியையே வாங்கலாம் என்று ஜெசிந்தா பரிந்துரைத்தாள். பூமியும் மனமுவந்து ஒப்புக்கொண்டது.

கருவியின் தொடக்க விழாவுக்கு அமைச்சரே வருவதாக முடிவாயிற்று. அதைச் சொல்ல ஜெசிந்தா பூமியிலிருந்து ஒரு பதிவு அனுப்பியிருந்தாள். கடைசியில் கொஞ்சம் தயங்கி, திரையை விட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"அமைச்சர் அந்தப் பலகை முன்னாடிதான் படம் எடுத்துக்குவாராம். அதைக் கொஞ்சம்... தேய்ச்சு வெக்கச் சொன்னாங்க."

அவள் முகம் என்ன நிறத்தில் இருந்தது என்று அறிய, பூதலிங்கத்துக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.