சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய ஃப்ரிட்ஜ்

ஃப்ரிட்ஜின் கதவு திறக்கவில்லை.

நாலு பக்கமும் பழுப்பு டேப். ஸ்க்ரூ அக்கா பிளேடால் கிழித்தாள். இழுத்தாள்.

உள்ளே...

முழங்கால் மடங்கி, தலை தொங்கி... ஒரு ஆள்!

"ஐயோ...!"

பக்கத்து மேஜைக்காரி போட்ட அலறலில் ஷெட்டே திரும்பிப் பார்த்தது.

செத்துக் கிடந்தவர், ஷெட்டில் எல்லோரும் 'கண்ணாடிக்காரர்' என்று கூப்பிடுபவர். பழைய ஃப்ரிட்ஜுகளைப் பிரித்து, செம்பையும் மோட்டாரையும் கடல் தாண்டி, செய்த ஃபேக்டரிக்கே திருப்பி அனுப்புவதுதான் இந்தக் கம்பெனியின் வேலை. அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, அந்த ஃபேக்டரி அனுப்பிய அதிகாரி.

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

"இதை இங்கே கொண்டு வந்தது யாரு?"

"நான்தான் சார்..."

ஃபோர்க்லிஃப்ட் டிரைவர். ஓயாமல் ஹாரன் அடிப்பதால் பெயரே ஹாரன். ஸ்க்ரூ அக்காவின் கூடப் பிறந்த தம்பி!

"நேத்து கேன்டீன்ல இந்தாளை மிரட்டினியாமே? என்ன சொன்னே?"

"கோவத்துல சொன்னது சார்... 'உன்னைப் பொட்டியில வச்சு ஏத்தி அனுப்பிடுவேன்'னு..."

"அடேங்கப்பா! சொன்ன சொல் தவறாத ஆளுய்யா நீ!"

க்ளிக்!

தம்பியின் கைகளில் விலங்கு.

ஸ்க்ரூ அக்கா தம்பியைப் பார்த்தாள். தாயில்லாத வீட்டில் தூக்கி வளர்த்த பிள்ளை. அடுத்த மாதம் அவனுக்கே குழந்தை பிறக்கப் போகிறது. இருபது வருடமாக ஃப்ரிட்ஜுகளின் ஸ்க்ரூவைக் கழற்றிப் பெயரும் வாங்கியவள், பிளேடை மேஜையில் போட்டுவிட்டு அவனிடம் வந்தாள்.

"அக்கா... நான் செய்யலக்கா!"

"தெரியும்டா. கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு நில்லு!"

மூன்றாவது மாடியிலிருந்து எம்.டி. இறங்கி வந்தார். மூக்கில் கைக்குட்டை.

"என்ன கொடுமை இன்ஸ்பெக்டர்! அவர் கேட்ட எல்லா மாற்றத்துக்கும் திங்கட்கிழமையே கையெழுத்துப் போட்டேனே... உன் தம்பிக்கு நானே நல்ல வக்கீலா பார்த்துத் தர்றேன்மா."

ஸ்க்ரூ அக்கா அவரைப் பார்க்கவில்லை. ஃப்ரிட்ஜின் மேல் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்தாள்.

சிவப்பு என்றால் க்ரஷர். முழு ஃப்ரிட்ஜையும் பத்தே நிமிடத்தில் பொடியாக்கும் மெஷின். மூன்று வருடமாக அதுதான் நடந்தது. காகிதத்தில் 'பிரித்துத் திருப்பி அனுப்பினோம்'. நிஜத்தில் முக்கால்வாசியை அரைத்து, ஏதோ ஒரு ஊர்க் கடற்கரையில் கொட்டல்! கண்ணாடிக்காரர் கண்டுபிடித்தது அதைத்தான்.

சட்டென்று அவளுக்குள் ஒரு ஸ்க்ரூ சுழன்றது.

"ஐயா... ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"என்னம்மா?"

"அவர் சட்டைப் பையில ஒரு நோட்டு இருந்துச்சு. என்னென்னமோ எழுதியிருந்தார். பயத்துல அதைத் தூக்கி க்ரஷர்ல போட்டுட்டேன்."

"அக்கா!" தம்பி அலறினான்.

"அறிவிருக்காம்மா உனக்கு?" இன்ஸ்பெக்டர் எகிறினார்.

எம்.டி.யின் முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி.

"விடுங்க இன்ஸ்பெக்டர், பாவம். அந்த மெஷின்ல விழுந்தா எல்லாம் பொடிதான். இனி எங்க போய்த் தேடறது?"

ஸ்க்ரூ அக்கா நிமிர்ந்தாள்.

"எங்க பொடியாகும் சார்? அந்த மெஷின் ஓடியே அஞ்சு நாளாச்சு!"

"எ... என்ன?"

"நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்ல நாலாவது பாயின்ட். க்ரஷரை நிறுத்து, எல்லாத்தையும் கையால பிரி. இப்ப சிவப்பு ஒட்டினதும் எங்க மேஜைக்குத்தான் வருது. பெல்ட்டைக் கழட்டி எடுத்துட்டுப் போனதே என் தம்பிதான். பிணத்தை மறைக்க அவன் எதுக்குச் சார் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டறான்? மெஷின் இன்னும் ஓடுதுன்னு நினைக்கிறவர், கீழ எட்டியே பார்க்காத நீங்க ஒருத்தர்தான்!"

எம்.டி. சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"தெரியாம இருக்கறது குற்றமா இன்ஸ்பெக்டர்? அந்த நோட்டை..."

"நோட்டே கிடையாது சார். சும்மா சொன்னேன்."

அவள் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் குனிந்தாள். கையில் ஸ்கேனர்.

"முன்னாடி இருந்த பார்கோடை யாரோ சுரண்டியிருக்காங்க. ஆனா ஒன்பதாவது பாயின்ட் என்ன சொல்லுது? மோட்டாருக்குப் பின்னாடியும் ஒரு பார்கோடு ஒட்டணும்! செவ்வாய்க்கிழமை நீங்க மாநாட்டுல பேசப் போயிருந்தப்ப, இந்தக் கட்டடத்துல இருக்கிற எல்லா ஃப்ரிட்ஜுக்கும் நானே ஒட்டினேன்."

பீப்!

எங்கே செய்தது, எந்தக் கப்பலில் வந்தது, எத்தனை முறை ரிப்பேர்... திரையில் வரிசையாக ஓடியது. கடைசி வரியை இன்ஸ்பெக்டர் சத்தமாகப் படித்தார்.

"இருக்குமிடம்... மூன்றாவது மாடி. எம்.டி. ஓய்வறை!"

"அ... அது கெட்டுப்போச்சு! புதன்கிழமையே கீழ அனுப்பிட்டேன்! அப்புறம் யார் வேணா..."

"இருக்கட்டும் சார். உள்ளே மூணு கண்ணாடித் தட்டு இருந்துச்சே, அது எங்க? ஆளை உட்கார வைக்கணும்னா அதைக் கழட்டியாகணுமே!"

கான்ஸ்டபிள் மாடிக்கு ஓடினார். நாலே நிமிடத்தில் திரும்பினார். கக்கத்தில் மூன்று கண்ணாடித் தட்டுகள்.

"சோபாவுக்குப் பின்னாடி இருந்துச்சு சார்!"

எம்.டி. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"ரிப்போர்ட்டை இன்னிக்கு அனுப்பறேன்னான்... பேப்பர்ல மட்டும் மாத்திக்கலாம்னு கெஞ்சினேன்... கேக்கல..."

"நாங்க நிஜம்னு நம்பிச் செஞ்சுட்டோமே சார்!" என்றாள் ஸ்க்ரூ அக்கா.

இன்ஸ்பெக்டர் தம்பியின் விலங்கைக் கழற்றினார். ஸ்க்ரூ அக்கா ஓடி வந்து அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"இனிமே கேன்டீன்ல சோத்துக்கு மட்டும்தான் வாயைத் திறக்கணும்! தெரிஞ்சுதா?"

சொல்லி முடிப்பதற்குள் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

கான்ஸ்டபிள் எம்.டி.யைப் பார்த்தார்.

"ஜீப்புல புது விலங்கு இருக்கு சார். எடுத்துட்டு வரட்டுமா?"

"எதுக்குய்யா? கழட்டினது கையிலேயே இருக்கே. எதையும் வீணாக்காதீங்க, திரும்பத் திரும்ப யூஸ் பண்ணுங்கன்னு சார்தானே மேடைக்கு மேடை பேசறாரு!"

க்ளிக்!