நீல வண்டி நின்ற வளைவு

போர்வெல் முகாமின் தகரக் கதவு தடதடவென்று அதிர்ந்தது. அப்போதுதான் விடிந்திருந்தது. செங்கோடன் கம்பளியை உதறிவிட்டு எழுந்தான். தாழ்ப்பாள் உறைந்துபோயிருந்ததால் சுத்தியலால் ரெண்டு தட்டுத் தட்டித்தான் திறக்க முடிந்தது. வாசலில் டிஸ்கித் மூச்சிரைக்க நின்றாள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அந்த லடாக் பள்ளத்தாக்கின் ஊர்களுக்கெல்லாம் தன் சின்ன பிக்கப்பில் காய்கறி ஏற்றிப் போகிறவள் அவள்.

அவளுக்கும் அவனுக்கும் பொதுவான பேச்சு இந்திதான். அவசரமாகச் சொன்னாள். ஆடு மேய்க்கிற ஒருவன் நேற்று மேலே மலை முகட்டில் நின்று பார்த்திருக்கிறான். காற்று அடித்துப் பனி விலகிய இடத்தில், பழைய சாலையின் வளைவில், நீல நிறத்தில் ஏதோ தெரிந்ததாம்.

செங்கோடனின் அண்ணன் நல்லுசாமியின் வண்டி நீலம்.

செங்கோடன் திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டியோடு வந்தவன். அவனுடைய அண்ணன் பதினெட்டு வருஷம் விசைத்தறி ஓட்டியவர். தறிப்பட்டறையை மூடியதும் நாற்பது வயதில் அவருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து, இங்கே சாமான் ஏற்றும் பிக்கப்புக்கு டிரைவராகக் கூட்டி வந்தவன் செங்கோடன்தான். இருபத்துமூன்று நாளைக்கு முன்னால், பாறையைக் குடையும் பிட் ஒன்றை எடுத்துவரக் கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அன்று கண்ணை மறைக்கும் பனிப்புயல். தேடப் போனவர்கள் புதிய சாலை முழுவதும் அலசிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். பழைய சாலையில் யாரும் போவதில்லை என்பதால் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“இன்றைக்கு ஒரு நாள்தான். சாயங்காலத்துக்குள் அடுத்த பனி இறங்கும். அதற்கப்புறம் மே மாதம் வரை அங்கே எவனும் போக முடியாது. என் வண்டி இருக்கிறது, கைதான் இல்லை. நீ ஓட்டு” என்றாள் டிஸ்கித்.

உள்ளறையிலிருந்து அண்ணி சிந்தாமணி வந்துவிட்டாள். ஊரிலிருந்து கிளம்பி வந்து பதினாறு நாளாக இந்த முகாமிலேயே காத்துக் கிடப்பவள். இந்தி புரியாவிட்டாலும் ‘நீலா’ என்ற சொல் நீலம்தான் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. சேலைக்கு மேல் கோட்டை மாட்டி, தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டாள். வரவேண்டாம் என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான்.

“எங்கயாச்சும் குடிசைல ஒண்டியிருப்பாருங் தம்பி. அவரு ராகிக் களியத் தின்னு வளந்த ஒடம்பு. நான் வராம ஆரு வருவா?”

புறப்படுவதே பெரும்பாடாக இருந்தது. தகரத் தட்டில் கரியைக் கனிய வைத்து எஞ்சினுக்கு அடியில் தள்ளினார்கள். டீசல் உறையாமலிருக்க அதில் மண்ணெண்ணெய் கலந்தார்கள். பின் சக்கரங்களில் சங்கிலி மாட்டினார்கள். பின்னால் பாரமில்லாத பிக்கப் பனியில் நாய் வால் மாதிரி ஆடும் என்று டிஸ்கித் ஆறு மணல் மூட்டைகளை ஏற்றச் சொன்னாள். மூன்று பேரும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். கியர் கம்பி டிஸ்கித்தின் முழங்கால்களுக்கு நடுவே நின்றது.

செங்கோடன் இந்தியாவின் பாதி நெடுஞ்சாலைகளை ஓட்டிப் பார்த்தவன். ஆனால் இந்தப் பனி அவனை எல்.கே.ஜி.யில் உட்கார வைத்தது. ரெண்டாவது கியரில் கிளம்பு, பிரேக்கை மற, ஸ்டியரிங்கைத் தூங்குகிற குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடி என்று டிஸ்கித் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பழைய சாலை பிரியும் இடத்தில் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்ட நிறுத்தினான். கை தன்னால் ஹேண்ட்பிரேக்குக்குப் போய் அதை இழுக்க, சுளீரென்று அவன் புறங்கையில் ஒரு அடி விழுந்தது.

டிஸ்கித் லிவரை இறக்கிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். சக்கரத்துக்குள் புகுந்த பனி உருகித் தண்ணீராகி, பிரேக்கைப் பிடித்தபடியே உறைந்துவிடும். அப்புறம் சக்கரம் அசையாது. இங்கே நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைப்பதுதான் வழக்கம்.

“என்னங் சொல்றாங்க?” என்று சிந்தாமணி கேட்டாள். அவன் தமிழில் சொன்னான். அவள் முகத்தில் பல நாளுக்குப் பிறகு லேசாக ஒரு சிரிப்பு தெரிந்தது.

“நீங்க உங்கண்ணன் கையில ஸ்பேனர்ல தட்டுனீங்களே, அந்தப் பாவம் இன்னைக்கு வந்து சேந்துருச்சுங்.”

அவனும் சிரித்தான். வீட்டுக்கு முன்னாலிருந்த களத்தில்தான் அண்ணனுக்குப் பாடம் நடந்தது. ‘மொதல்ல ஹேண்ட்பிரேக், அப்பறந்தான் சாவி!’ என்று அவன் அதட்டுவான். மறந்தால் ஸ்பேனரால் விரலில் செல்லமாக ஒரு தட்டு. துணி உலர்த்திக்கொண்டிருக்கும் அண்ணி விழுந்து விழுந்து சிரிப்பாள். தம்பியிடம் அடி வாங்கிய அண்ணனும் கூடவே சிரிப்பார்.

மேலே ஏற ஏறச் சாலை ஒடுங்கியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். ஓரிடத்தில் மலையோடை சாலையின் குறுக்கே வழிந்து, அப்படியே கண்ணாடித் தகடாக உறைந்திருந்தது. முன்சக்கரம் அதில் ஏறிய கணம் வண்டியின் பின்புறம் பள்ளத்தை நோக்கி நழுவியது. செங்கோடனின் கால் பிரேக்கில் பாய்ந்தது. வண்டி இன்னும் வேகமாக நழுவியது!

“காலை எடு!” என்று டிஸ்கித் கத்தினாள்.

உயிரே போனாலும் விடாத பழக்கம் அது. ஆனால் எடுத்தான். பின்புறம் போகும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி, ஆக்சிலேட்டரை மெல்லத் தொட்டான். சங்கிலி கரகரவென்று பனிக்கட்டியைக் கடித்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுங்கிப் பாறைப் பக்கம் ஒதுங்கியது. பின் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது.

பதினோரு மணி சுமாருக்கு அந்த வளைவு வந்தது. நீல வண்டி கதவுமட்டம் வரை பனியில் புதைந்து நின்றது.

செங்கோடன் ஓடினான். இடுப்பளவு பனியை மண்வெட்டியால் தள்ளிக் கதவை இழுத்தான். உள்ளே யாரும் இல்லை. சாவி போட்டபடி இருந்தது. பிட் அதன் பெட்டியில் பத்திரமாக இருந்தது. டீசல் முள் அடியில் கிடந்தது.

ஹேண்ட்பிரேக் உச்சிவரை இழுக்கப்பட்டிருந்தது.

அவனுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. புயலில் வழி தெரியாமல் பழைய சாலைக்கு வந்த அண்ணன், இங்கே நிறுத்தியிருக்கிறார். கற்றுக்கொடுத்ததை மறக்காமல் ஹேண்ட்பிரேக்கை முதலில் இழுத்திருக்கிறார். விடிந்ததும் வண்டி நகரவில்லை. ஏன் என்று தெரியாமல், குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டே டீசல் முழுவதையும் தீர்த்திருக்கிறார். சக்கரத்தைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டியிருந்தால் போதும். அதை அவருக்குச் சொல்ல ஆளில்லை.

அண்ணி வண்டியின் பின்தட்டில் ஏறி, கேபினின் பின்கண்ணாடியில் படிந்த பனியைக் கையுறையால் துடைத்துக்கொண்டிருந்தாள். செங்கோடன் குனிந்து, சத்தம் வராமல் லிவரைக் கீழே இறக்கினான். கதவோரம் நின்ற டிஸ்கித் அதைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வண்டிக்கு என்னங் ஆச்சு?” என்று கேட்டபடி சிந்தாமணி வந்தாள்.

“டீசல் உறைஞ்சு போச்சுங் அண்ணி” என்றான். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

முந்நூறு அடி தள்ளி, ஆடு அடைக்கிற கல் பட்டி ஒன்று தெரிந்தது. அவன் தடுப்பதற்குள் அவள் அதை நோக்கி நடந்துவிட்டாள்.

நல்லுசாமி அங்கேதான் இருந்தார். காற்றுப் படாத மூலையில், வண்டியின் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தறி ஓடுகிற சத்தத்திலேயே கண்ணயரும் பழைய நாட்களில் அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

சிந்தாமணி அலறவில்லை. அவர் முன்னால் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, இரு கன்னங்களையும் தேய்த்தாள். விரல் மரத்துப்போகும் வரை தேய்த்தாள். பிறகு தன் தலையிலிருந்த மப்ளரை அவிழ்த்து அவர் காதுகளை மூடிக் கட்டினாள்.

“காதுல குளுரு ஏறுனா இவருக்கு ஆகாதுங்” என்றாள். செங்கோடன் வெளியே போய்ப் பனியில் உட்கார்ந்து அழுதான்.

வானம் கருத்துவிட்டது. டிஸ்கித் அவனைத் தோளைப் பிடித்து எழுப்பினாள். நான்கு மணல் மூட்டைகளை இறக்கிவிட்டு, கம்பளி சுற்றிய அண்ணனை உட்கார்ந்த கோலத்திலேயே, பின்தட்டில் ஏற்றி, கேபின் சுவரில் முதுகு சாய்த்துக் கட்டினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சிந்தாமணியின் முதுகு, அந்தப் பக்கம் அவர் முதுகு.

முதல் பனித்துகள்கள் விழத் தொடங்கியபோது உறைந்த ஓடை வந்தது. இப்போது இறக்கம். செங்கோடன் முதல் கியருக்கு மாற்றினான். ரெண்டு காலையும் எடுத்துக்கொண்டான். எஞ்சின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து இறக்கியது. காலையில் ஆடிய பின்புறம் இப்போது ஆடவில்லை. பின்னால் அண்ணன் இருந்தார்.

நாலு மணிக்கு முகாம் வாசலில் வண்டி நின்றது. போர்வெல் ஆட்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சூழ்ந்தார்கள். அண்ணன் திரும்பி வந்து சேர்ந்துவிட்டார். கணவாயை ஜெயித்து வந்தவர்களுக்கு அன்று கிடைத்த வெற்றி அவ்வளவுதான்.

எஞ்சினை அணைத்ததும் செங்கோடனின் கை ஹேண்ட்பிரேக்கை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. அவன் கியரைப் போட்டுவிட்டு இறங்கி, ஒரு கல்லை உருட்டி வந்து பின் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தான். அங்கேயே குந்தியிருந்தான்.

சிந்தாமணி இறங்கி வந்து அவன் பக்கத்தில் நின்றாள். கல்லைப் பார்த்தாள். அதன்மேல் இருந்த அவன் கையைப் பார்த்தாள். பிறகு குனிந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி சொன்னாள்:

“ஊர்ல ஆரு கேட்டாலும் டீசல் உறைஞ்சு போச்சுன்னே நானும் சொல்லிக்கறனுங் தம்பி.”