சின்னராசாவுக்குப் பக்கத்து இருக்கை

"எங்கட வீட்டில கள்ளர் பிறக்கேல்லை" என்று சொல்லிக்கொண்டுதான் பாக்கியரத்தினம் உள்ளே வந்தார். ஞானசேகரம் கதிரையைக் காட்டினார். வந்தவர் உட்காரவில்லை.

அது யுத்த காலத்து ஒரு வியாழக்கிழமை காலை. ஞானசேகரம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பொலிசுக்குப் போக விரும்பாத திருகோணமலைக்காரர் அவரிடம் வருவது வழக்கம். உதவியாளர் அபூதாஹிர் ஆர்வத்தோடு அருகே வந்து நின்றார்.

"என்ரை மகள் புஷ்பவதி இஞ்ச ஓர்ஸ் ஹில்லில விமான ரிக்கெற் கந்தோரில வேலை. மூதூர் கலீலுர் றஹ்மான், அடிக்கடி பறக்கிற வியாபாரி, ரெலிபோன் எடுத்தவர். பறந்து பறந்து சேர்த்த மைல்ஸ் புள்ளியில, காசில்லாமல், தாய்க்கு லண்டன் போக முன்பக்கத்துப் பெரிய இருக்கை வேணுமாம். அந்த மனுசிக்கு முழங்கால் மடக்க ஏலாது. வெள்ளி இரவு பிளைட் எண்டு கேட்டவர். மகள் பார்த்திட்டு இல்லையெண்டவள்."

"பிறகு?"

"கொழும்பில காசு குடுத்துச் சாதாரண ரிக்கெற் எடுத்துத் தாயோட ஏறினவர். பார்த்தால், முன்பக்கத்தில என்ரை மச்சான் சின்னராசா! அவரும் மைல்ஸில போனவர்தான். ரிக்கெற் போட்டதும் மகள்தான். கலீலுர் திரும்பி வந்து, கந்தோர் வாசலில நிண்டு ரோட்டே கேட்கக் கத்தினார், உம்மாட சீட்டைக் களவெடுத்து மாமனுக்குக் குடுத்தவள் எண்டு. மன்னிப்புக் கடிதத்தில ஒப்பமிட்டால்தான் வேலை எண்டு மனேச்சர் சொல்லுறார். அவள் ஒப்பமிடமாட்டாள். நான் விடவும் மாட்டன்."

"கலீல் நானா பொய் செல்ற ஆளில்ல" என்றார் அபூதாஹிர்.

"பொய்யன்தான்! வெள்ளி இரவுதான் ஏறினனான் எண்டு சத்தியம் பண்ணுறார். சின்னராசா போனது வியாழன் இரவு. வெள்ளி பின்னேரமே லண்டனில இருந்து எனக்கு ரெலிபோன் எடுத்தவர். ஒருத்தர் ரெண்டு பிளைட்டில இருக்க ஏலுமோ?"

"ரெலிபோனில என்ன கதைச்சவர்?" என்று கேட்டார் ஞானசேகரம்.

"பயணம் சுகமாம். பக்கத்து இருக்கை வெறுமையாம். கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பையை அதில வைச்சுக்கொண்டு போனவராம்."

பாக்கியரத்தினம் போனபின் அபூதாஹிர் தலையைச் சொறிந்தார். "ஐயா, நான் இண்டைக்கு நேரத்தோட போகட்டா? வெள்ளி இரவு, வீட்டில குர்ஆன்ல யாசீன் ஓதுற."

ஞானசேகரம் சுவர்க் கலண்டரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "போம். சனிக்கிழமை கலீலுரைப் புஷ்பவதியின்ரை கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு வாரும்."

சனிக்கிழமை மூதூர் லோஞ்சுப் படகில் வந்து, துறைமுகச் சோதனைச் சாவடியைக் கடந்து, வியர்வையோடும் கோபத்தோடும் கலீலுர் றஹ்மான் கந்தோருக்குள் நுழைந்தார். முகாமையாளரின் மேசையில் கடிதம் ஒப்பத்துக்குக் காத்திருந்தது. பாக்கியரத்தினம் அங்கேயும் நின்றுகொண்டே இருந்தார்.

"பிள்ளை, இந்த இருக்கைகள் எப்படிக் கிடைக்கிறது?" என்று புஷ்பவதியிடம் தொடங்கினார் ஞானசேகரம்.

"ஒவ்வொரு பிளைட்டிலயும் மைல்ஸுக்கெண்டு கொஞ்ச இருக்கையைத்தான் கொம்பனி திறக்கும். காசுக்கு விக்கலாம் எண்டு நினைச்சால், வெறுமையாக் கிடந்தாலும் எங்களுக்குக் காட்டாது. விலைபோகாது எண்டு கண்டால் கடைசி நாட்களில திறந்துவிடும். வெள்ளி இரவுக்கு ஒண்டும் திறக்கேல்லை. அதைத்தான் சொன்னனான்" என்றாள் புஷ்பவதி.

"வியாழன் இரவு?"

"அதை இவர் கேட்கேல்லை. மாமாவுக்கு எடுக்கேக்கை ரெண்டு திறந்து கிடந்தது."

ஞானசேகரம் கலீலுர் பக்கம் திரும்பினார். "எந்த இரவு ஏறினீங்கள்?"

"எத்தின தரம் செல்ற? வெள்ளி இரவு."

"லண்டனில ஜும்ஆத் தொழுகை கிடைச்சதோ?"

"ஓம். விடிய இறங்கி, அண்டைக்குப் பகல்தான் தொழுதேன்."

முகாமையாளர் திடுக்கிட்டார். "ஜும்ஆ வெள்ளிக்கிழமை பகலெல்லோ? அப்ப ஏறினது வியாழன் இரவு!"

"முஸ்லிம் வழக்கப்படி இவருக்குப் பொழுதுபட்டால் அடுத்த நாள் பிறந்திடும். வியாழன் பொழுதுபட்டால் வெள்ளி இரவு. புஷ்பவதிக்கு வெள்ளி விடிஞ்சு, பொழுதும் படவேணும். ஒரு சொல், ரெண்டு பிளைட். ஒருத்தரும் பொய் சொல்லேல்லை. இதை எனக்குச் சொன்னது அபூதாஹிர்" என்றார் ஞானசேகரம்.

"நானா? நான் ஒண்டும் செல்லல்லியே!" என்ற அபூதாஹிர், அடுத்த கணமே நெற்றியில் அடித்துக்கொண்டார். "யாசீன்! வியாழக்கிழமைதானே வெள்ளி இரவு எண்டு செல்லிப் போன!"

கலீலுர் புஷ்பவதி பக்கம் திரும்பினார். "அப்ப அந்த மத்தச் சீட்டில ஆரு போன?"

"மாம்பழம்" என்றார் ஞானசேகரம்.

"உம்மா வழி நெடுக அழுதா" என்றார் கலீலுர்.

முகாமையாளர் பேனாவை நீட்டினார். "ரெண்டு பக்கமும் பிழைதானே. ஒப்பமிட்டால் கதை முடிஞ்சுது."

புஷ்பவதி பேனாவைத் தொடவில்லை. "எந்த இரவு எண்டு திருப்பிக் கேட்காதது என்ரை பிழை. அதை ஆருக்கும் சொல்லுவன். களவுக்கு ஒப்பமிடமாட்டன்."

"வாசலில சொன்னதை வாசலிலதான் திருப்பி எடுக்கவேணும்" என்றார் பாக்கியரத்தினம்.

கலீலுர் அவரை நிமிர்ந்து பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனார். எதிர்த் தேநீர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்; காவலில் நின்ற சிப்பாயும் திரும்பினான்.

"இந்தப் புள்ள களவெடுக்கல்ல! நான் செல்லினதுதான் பிழை! எல்லாரும் கேட்டுக்கங்க!"

பாக்கியரத்தினம் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

புஷ்பவதி கடிதத்தை முகாமையாளர் பக்கம் தள்ளிவிட்டுத் தன் இடத்தில் அமர்ந்து, உள்ளே திரும்பி வந்த கலீலுரைப் பார்த்தாள். "உம்மா எப்ப திரும்பி வாறா? இப்பவே பார்த்து வைக்கிறன். கிழமை வேண்டாம், திகதியைச் சொல்லுங்கோ."