வாங்கியவர் வரவில்லை

"மெட்டில்டா...!"

ஹாலிலிருந்து அலறல்.

மீன் வறுத்துக்கொண்டிருந்த மெட்டில்டா கரண்டியோடு ஓடி வந்தாள்.

வேதசிரோமணி நாற்காலியில் கால்களை நீட்டியபடி விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். எதிரே ஸ்டூல் மேல் வயிறு திறந்த ஆர்மோனியம். வலது கையில் ஸ்க்ரூ டிரைவர். இடது கையில்...

ஒரு காசுமாலை.

"உள்ளே இன்னும் இருக்கு," என்றார்.

மெட்டில்டா எட்டிப் பார்த்தாள். மஞ்சள் துணி மூட்டை. ஆரம், நெக்லஸ், வளையல்கள், ஜிமிக்கி.

ஆர்மோனியத்துக்குள் பிணம் இருந்திருந்தால்கூட வேதசிரோமணி இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

காரணம் இருந்தது.

பதினோரு நாளைக்கு முன் சேலையூர் கல்யாண மண்டபத்தில் அவருடைய பழைய ரயில்வே சிநேகிதர் குப்புராஜின் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவையை மாற்றி, கனமான நகைகளைக் கழற்றி வைத்துவிட்டுப் பெண் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது முப்பது பவுனைக் காணோம். அந்த அரை மணி நேரமும் மணமகள் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரே ஆசாமி வேதசிரோமணி.

அவர் என்ன செய்வார், பாவம். அந்த வருஷம் சிக்குன்குனியா தாம்பரத்தில் ஒரு தெருவையும் விடவில்லை. மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில் வலி விட்டது. இவருக்கு மூன்று மாதமாகியும் முட்டி மடங்கவில்லை. பந்திக்கு நிற்க முடியாமல் உட்கார்ந்தவர், வலி மாத்திரை மயக்கத்தில் கண் அசந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் பாலகுரு அதை நம்பவில்லை.

"நாதஸ்வரம் காதைக் கிழிக்குது. அதுல தூக்கமா பெரியவரே?" என்று இரண்டு முறை வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டார். மூன்றாவது முறை வந்தால் அழைத்துக்கொண்டு போவார் என்று தெருவே பேசியது. முப்பத்தாறு வருஷ ரயில்வே சர்வீஸில் ஒரு மெமோ வாங்காத மனுஷன். குப்புராஜ் இப்போது போனைக்கூட எடுப்பதில்லை. அதுதான் வேதசிரோமணிக்கு முட்டியை விட அதிகமாக வலித்தது.

இப்போது அந்த முப்பது பவுனும் அவர் மடியில்!

"இது எப்படி நம்ம வீட்டுக்கு வந்துச்சு?"

மெட்டில்டா கரண்டியை மேஜை மேல் வைத்தாள். "நீங்க கொண்டு வரல. நானும் கொண்டு வரல. அப்ப ஆர்மோனியத்தை வாங்குனவன்தான்."

மெட்டில்டா ரிட்டயரான தையல் டீச்சர். சும்மா இருக்கத் தெரியாது. வீட்டில் முடங்கிக் கிடக்கும் பழைய சாமான்களைப் போட்டோ எடுத்து 'பழையசந்தை டாட் காம்' என்ற இணையதளத்தில் விற்றுக்கொண்டிருந்தாள். வாங்குபவர்கள் வீட்டுக்கே வந்து பார்சலை எடுத்துக்கொள்ள வேண்டும். வராதவர்களுக்கு அவள் வைத்திருந்த சட்டம் பள்ளிக்கூடச் சட்டம். பத்து நாள் அவகாசம். மூன்று போன். ஒரு கடிதம். பதினோராம் நாள் பார்சலைப் பிரித்து, துடைத்து, மறுபடி விற்பனைக்கு.

சர்ச்சில் கீபோர்டு வந்ததும் ஓரங்கட்டப்பட்ட இந்த ஆர்மோனியத்தை வாங்கியவன் பெயர் தேவானந்தம். கல்யாணத்தன்று மத்தியானமே வந்தான். "உள்ளே பார்க்கணும்" என்று ஸ்க்ரூ டிரைவர் கேட்டான். முழுப் பணமும் கொடுத்தான். "வண்டியோட வந்து எடுத்துக்கறேன்" என்று போனவன் போனவன்தான். பதினோராம் நாளான இன்று பார்சலைப் பிரித்தபோது சத்தம் சரியாக வராததால்தான் வேதசிரோமணி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"அவன் திறந்து பாக்கறப்ப நான் காபி போடப் போனேன்," என்றாள் மெட்டில்டா. "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

வேதசிரோமணி ஜன்னலைப் பார்த்தார்.

"தூங்கிட்டீங்களா?"

"கண்ணை மூடி யோசிச்சுட்டு இருந்தேன்."

"ஒரே நாள்ல ரெண்டு இடத்துல யோசிச்சிருக்கீங்க."

"விளையாடாத மெட்டில்டா. ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொல்லிடுவோம்."

"என்னன்னு? அவன் குடுத்த கூடுவாஞ்சேரி அட்ரஸ்ல வீடே இல்லைன்னு லெட்டர் திரும்பி வந்துடுச்சு. போன் ஸ்விட்ச் ஆஃப். அப்படி ஒருத்தன் இருக்கான்னு நாம ரெண்டு பேர்தான் சொல்றோம். நகை யார் வீட்ல இருக்கு? நம்ம வீட்ல."



"எனக்கு நாலு நாளாவே உறுத்துதுங்க," என்றாள் மெட்டில்டா. "ரெண்டு வருஷத்துல எத்தனையோ பேர் வராம ஏமாத்தியிருக்காங்க. ஒருத்தரும் பணம் கட்டுனதில்ல. பணத்தையும் கட்டிட்டு வராம இருக்கான்னா... ஜி.எஸ்.டி. ரோட்ல போலீஸ் பையைப் பிரிச்சுப் பாக்கறது ஓயட்டும்னு காத்திருக்கான். அதுவரைக்கும் டீச்சர் வீடு அவனுக்கு பேங்க் லாக்கர்."

"இப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றதா? பதினோராம் நாள் என்ன பண்ணுவேனோ அதைத்தான்."

அன்று மாலையே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து டைப் செய்தாள். தோளுக்குப் பின்னாலிருந்து வேதசிரோமணி படித்தார்.

'ஆர்மோனியம். வாங்கியவர் வந்து எடுத்துக்கொள்ளவில்லை. சத்தம் சரியாக வரவில்லை. திறந்து பார்க்கவில்லை. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நேரில் வருபவருக்கு.'

"திறந்து பாக்கலையா? சண்டே ஸ்கூல் நடத்தறவ, இப்படிப் புளுகறியே."

"கர்த்தர் மன்னிப்பார். முதல்ல வாங்குனவனுக்கும் இது தானா ஈமெயில்ல போயிடும். ஓடி வருவான் பாருங்க."

பிறகு ஆர்மோனியத்தையும் மஞ்சள் மூட்டையையும் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது ஆர்மோனியம் வெள்ளைத் துணியில் தைக்கப்பட்ட பார்சலாகியிருந்தது.

"நகை?"

"எங்க இருக்கணுமோ அங்க இருக்கு."

வேதசிரோமணிக்கு அதற்கு மேல் கேட்கத் துணிவில்லை. தலைவலியை எவன் தலையிலாவது கட்டிவிடப் பார்க்கிறாளா இவள்?

சனிக்கிழமை.

பத்து நாற்பதுக்கே காலிங் பெல் அடித்தது.

வந்தது தேவானந்தம் இல்லை. கண்ணாடி போட்ட நாற்பது வயது அம்மாள். தோளில் பெரிய பை.

"என் பேரு புஷ்பலதா. அனகாபுத்தூர்ல பாட்டு கிளாஸ் நடத்தறேன். ஆர்மோனியம் இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஆனா சத்தம் வராதும்மா," என்றார் வேதசிரோமணி.

"பரவால்ல சார். நீங்க திறந்து பாக்கலதானே?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தம் வராத ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு இவள் எந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுக்கப் போகிறாள்? தேவானந்தத்தின் கூட்டாளியா?

கண்ணால் மெட்டில்டாவுக்கு ஜாடை காட்டினார். அவள் விருந்தாளிக்கு முறுக்குத் தட்டை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

வாசலில் பைக் சத்தம்.

"வணக்கம் டீச்சர்." வெள்ளைச் சட்டையில் பவ்யமாக நின்றான் தேவானந்தம். "மன்னிக்கணும். பத்து நாளா சிக்குன்குனியா. படுத்த படுக்கை. நேத்துதான் எழுந்தேன். இல்லைன்னா என் பொருளை நீங்க திரும்ப விக்கற அளவுக்கு விட்டிருப்பேனா?"

"அடடா, உக்காருங்க."

"உக்கார நேரமில்ல டீச்சர். பார்சல் எங்க? இதுவா?"

சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். தையலைத் தடவிப் பார்த்தான். பார்சலை ஒரே மூச்சில் தூக்கி, கனம் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். எழுந்தான்.

வேதசிரோமணிக்குப் பொறாமையாக இருந்தது.

"தம்பி, எந்த டாக்டர்கிட்ட காமிச்சீங்க?"

"ஏன் சார்?"

"எனக்கு மூணு மாசம் ஆச்சு. இன்னும் இந்தக் கால் மடங்கல. நீங்க நேத்து எழுந்து இன்னைக்குக் குத்துக்கால் போடறீங்க. மாத்திரை பேரைச் சொன்னீங்கன்னா..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேதசிரோமணிக்கு உறைத்தது.

இவனுக்கு எந்தக் காய்ச்சலும் வரவில்லை!

தேவானந்தத்தின் முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. "உடம்பு வாகு சார்," என்றான்.

"மன்னிக்கணும்," புஷ்பலதா குறுக்கே வந்தாள். "பத்து நாள் தாண்டிடுச்சு. சட்டப்படி இது இப்ப எனக்கு. நான் ரெண்டு மடங்கு தரேன் டீச்சர்."

"நான் ஏற்கெனவே வாங்குன பொருள் மேடம்."

"மூணு மடங்கு."

"இது எங்க அப்பா ஞாபகமா வாங்குனதுங்க."

"அப்படியா? நாலு மடங்கு. பார்சலைப் பிரிச்சு ஒரு தடவை பாத்துட்டு எடுத்துக்கறேன்." புஷ்பலதா பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

அவ்வளவுதான். பவ்யம் பறந்தது.

"யேய், இன்னா கேம் காட்றியா? அதுல கைய வெச்ச, அவ்ளோதான். அது என்னுது."

வேதசிரோமணி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். மெட்டில்டா மட்டும் பரீட்சை ஹாலில் நிற்பவள் மாதிரி நிதானமாக ஒரு நீள நோட்டைப் பிரித்தாள்.

"சண்டை எதுக்கு? முதல்ல வாங்குனவருக்குத்தான் உரிமை. ஆனா நாளைக்கு யாரும் வந்து எதையும் கேக்கக் கூடாது. உங்க கையால எழுதிக் குடுங்க தம்பி. 'இந்தப் பெட்டி என்னுடையது. உள்ளே நான் வைத்தது எல்லாம் என்னுடையது. குறைவில்லாமல் பெற்றுக்கொண்டேன்.'"

"இது இன்னாத்துக்கு?"

"உங்களுக்கு இஷ்டமில்லைன்னா மேடம் எழுதிடுவாங்க."

புஷ்பலதா பேனாவை எடுத்தேவிட்டாள். தேவானந்தம் அதைப் பிடுங்கினான். விறுவிறுவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"ஒரு நிமிஷம் சார்," என்றாள் புஷ்பலதா. "உள்ள என்ன இருக்குன்னு பாக்காமலே எழுதறீங்களே?"

"உள்ள இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும். நீ உன் வேலையப் பாரு."

"பாத்துட்டுதான் இருக்கேன்." அவள் பையிலிருந்து இப்போது வந்தது அடையாள அட்டை. "சப் இன்ஸ்பெக்டர் புஷ்பலதா. க்ரைம் பிராஞ்ச்."



தேவானந்தம் பார்சலை அணைத்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தான்.

வாசலுக்கும் அவனுக்கும் நடுவே இருந்தது ஒன்றே ஒன்று. மூன்று மாதமாக மடங்காத வேதசிரோமணியின் வலது கால்.

தடார்!

பார்சல் ஒரு பக்கம், தேவானந்தம் ஒரு பக்கம். எழுந்திருப்பதற்குள் கேட்டுக்கு வெளியே காத்திருந்த பாலகுரு உள்ளே வந்து அவன் முதுகில் முழங்காலை வைத்துவிட்டார்.

"ஐயோ, கால்..." முனகினார் வேதசிரோமணி. ஆனால் அவர் முகம் சிரித்தது.

பாலகுரு பார்சலைப் பிரித்தார். ஆர்மோனியம். அதன் வயிற்றில் மஞ்சள் துணி. துணிக்குள்...

கொட்டைப் பாக்கும் பாக்குவெட்டியும்.

தேவானந்தம் தரையில் கிடந்தபடியே கத்தினான். "என் முப்பது பவுன் எங்கடா?"

"இதையும் எழுதிக்குங்க மேடம்," என்றார் பாலகுரு. "அளவையும் அவனே சொல்லிட்டான்."

வேதசிரோமணி மனைவியிடம் திரும்பினார். "அப்ப நகை?"

"அன்னைக்கு ராத்திரியே இன்ஸ்பெக்டருக்கு போன் பண்ணிக் குடுத்துட்டேன். அவருக்கும் பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். ஆளைக் காட்டும்மான்னாரு. காட்டிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மூணு நாளா சோறு எறங்கல எனக்கு."

"சொல்லியிருந்தா நீங்க சிரிச்சுக்கிட்டே கதவைத் திறந்திருப்பீங்க. உங்க முகத்துக்குப் பொய் வராதுங்க. போலீஸ் சந்தேகம் இன்னும் உங்க மேலதான்னு உங்க வாடின முகத்தைப் பாத்துதான் அவன் பயப்படாம உள்ள வந்தான்." மெட்டில்டா நீள நோட்டை மூடி வைத்தாள். "எனக்கும் சோறு எறங்கலதான்."

பாலகுரு தொப்பியைக் கழற்றினார். "தப்பா நெனச்சுட்டேன் சார். குப்புராஜ் சார்கிட்ட நானே பேசிட்டேன். நைட்டு குடும்பத்தோட இங்க வர்றாராம்."

'பெரியவரே' போய் 'சார்' வந்துவிட்டது. வேதசிரோமணிக்குக் கண் கலங்கியது. முட்டி வலி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

தேவானந்தத்தை எழுப்பி நிறுத்தி விலங்கு மாட்டினார்கள். பாலகுரு ஆர்மோனியத்தைத் தட்டிப் பார்த்தார்.

"எவிடன்ஸ். கேஸ் முடியற வரைக்கும் கோர்ட்ல இருக்கும். அப்புறம் யாரு வந்து வாங்கிக்குவீங்க? நீங்களா சார்?"

"நான் எதுக்கு சார்?" வேதசிரோமணி நீள நோட்டைத் தூக்கிக் காட்டினார். "பணம் கட்டி, கையெழுத்துப் போட்டு, தம்பி முறையா வாங்கியாச்சு. வெளிய வந்ததும் அவரே எடுத்துக்கட்டும்... ஆனா பத்து நாள்தான் டைம்னு ஜெயிலர்கிட்ட சொல்லிடுங்க."