ஐந்தாவது மரத்துக் கம்பி

காலை எட்டு ஐம்பது.

வேலியோரம் ஐந்து சில்வர் ஓக் மரங்கள். நான்கின் மேல் மிளகுக் கொடி அடர்ந்து ஏறியிருந்தது. ஐந்தாவது மரத்துக் கொடி மட்டும் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வெட்டுப்பட்டு, மேல் பாதி பிய்ந்து தலைகீழாகத் தொங்கியது. பழுக்காத சரங்கள் சேற்றில் சிதறிக் கிடந்தன. அந்த ஐந்து மரங்களின் இலைகளுக்குள் ஒளிந்து ஓடிய இருபது மீட்டர் செம்புக் கம்பியைக் காணவில்லை.

ஏட்டு வளர்மதி குனிந்து ஒரு சரத்தை எடுத்துப் பார்த்தாள். ராசிபுரத்திலிருந்து மலைக்கு மாற்றலாகி வந்து நான்கு வருடம் ஆகிறது. ஒரு கொடி காய்க்க எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டாள். கம்பி வேண்டுமென்றால் கம்பியை வெட்டலாம். கொடியை ஏன் வெட்ட வேண்டும்? அவளுக்கு வாயெல்லாம் கசந்தது.

காலம் தப்பிப் பெய்த தை மாத மழை மூன்று நாள் மலையை அடித்துவிட்டு முந்தின இரவுதான் விட்டிருந்தது; விடிந்தபோது மலையைப் பனி மூடியிருந்தது. செல்போன் டவர் படுத்துவிட்டது. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. சோளக்காட்டுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் இந்தப் பதினான்கு வீட்டுக் குடியிருப்பில், வெளி உலகத்தோடு பேச மிச்சமிருந்தது அந்தக் கம்பி ஒன்றுதான்.

அது யமுனாவின் கம்பி. யமுனா அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். வீட்டிலிருந்தே வானொலி அலையில் வெளியூர்களோடு பேச, முறைப்படி பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரி. குடியிருப்புச் சங்கத்தின் விதிப்படி கூரை மேல் கம்பம், டிஷ், ஆன்டெனா எதுவும் கண்ணில் படக் கூடாது. யமுனா முதலில் துணி காயப்போடும் கொடியை ஆன்டெனா ஆக்கினாள். பிறகு மழைநீர்க் குழாயைப் பயன்படுத்திப் பார்த்தாள். திரைச்சீலைக்குப் பின்னால்கூட ஒரு கம்பியை ஓட்டினாள். எதுவும் சரியாக எடுக்கவில்லை. கடைசியில்தான் தலைமுடி கனத்துக்கு ஒரு கம்பியைத் தன் ஜன்னலிலிருந்து மரத்துக்கு மரம் இழுத்து, ஐந்தாவது மரத்தில் முடித்தாள்.

"கண்ணுக்குத் தெரியக் கூடாதுங்கறதுதானே விதி? ஒன்றரை வருசமா யாருக்கும் தெரியல," என்றாள் யமுனா. அழுது முடித்த குரல்.

அன்று விடியற்காலை தேவனூர் நாடு என்ற மலைக்கிராமப் பகுதியிலிருந்து சுமித்ரா என்ற பெண்ணைப் பிரசவத்துக்குச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வந்திருந்தார்கள். ரத்தப்போக்கு நிற்கவில்லை. கிடைத்தற்கரிய ரத்த வகை. யமுனா வீட்டுக்கு ஓடி வந்து ரேடியோவைப் போட்டாள். தினமும் ஆறரையிலிருந்து ஏழு வரை நாமக்கல்லில் ராசப்பன் என்பவர் காத்திருப்பார். அவர் கிடைத்தார். மண் சரிவுக்குக் கீழ்ப்புறம் ஆம்புலன்ஸ் வர வேண்டும் என்று சொன்னாள். ரத்தம் கொடுக்க ஆட்கள் வேண்டும் என்றும் சொன்னாள். எந்த வகை என்று சொல்ல வாயெடுத்தபோது ரேடியோவின் முள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதற்குப் பிறகு வெறும் இரைச்சல். நோட்டில் நேரம் எழுதியிருந்தாள்: 6:41.

சுமித்ராவை ஜீப்பில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. கீழே என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது.

ஒன்பது பத்து.

திருடியவள் யார் என்று சங்கச் செயலாளர் ராஜாமணி ஏற்கெனவே தீர்மானித்திருந்தார். போலீஸ் வருவதற்குள் அவரே வாட்ச்மேன் சதீஷ்குமாரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு, மோட்டார் கொட்டகையில் இருந்த பெருமாயியின் கோணிப் பையைப் பிரித்துக் காட்டியிருந்தார். உள்ளே சுருட்டிய செம்புக் கம்பி இருந்தது.

பெருமாயி திருப்புலி நாட்டுக்காரி. அந்த வேலியோர மிளகைக் குத்தகைக்கு எடுத்தவள். எட்டு வருடத்துக்கு முன் அந்தக் கொடிகளை நட்டவளும் அவள்தான். பதினோரு மணிக்குச் சங்கக் கூட்டம். அவளை இனி கேட்டுக்குள் விடக் கூடாது, குத்தகையை முறிக்க வேண்டும் என்று ராஜாமணி தீர்மானம் எழுதி வைத்துவிட்டார். செம்பு திருடியவள் என்று பெயர் வந்துவிட்டால் வேறு எந்தத் தோட்டத்திலும் அவளைச் சேர்க்க மாட்டார்கள்.

சதீஷ்குமார் தன் பதிவேட்டைக் காட்டினான். பெருமாயி உள்ளே வந்தது 6:15. வெளியாள் வேறு யாரும் வரவில்லை.

வளர்மதி கொட்டகைக்குள் போனாள். பை காய்ந்திருந்தது. அதற்குள் இருந்த கம்பி ஈரமாக இருந்தது. அதன் ஒரு முனையில் சட்டைப் பொத்தான் ஒன்று கோத்துக் கட்டியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் கம்பியின் மேல்பூச்சைச் சுரண்டி, பளபளவென்று முறுக்கியிருந்தார்கள். சுவரோரம் பெருமாயியின் ஒற்றை மூங்கில் ஏணி சாய்ந்திருந்தது. கால் வைத்து ஏறும் அதன் கணுக்களை வளர்மதி தடவினாள். விரலில் தூசி ஒட்டியது.

பெருமாயி வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கம்பி இருக்கற இடம் உனக்குத் தெரியுமா?"

"நாந்தானுங்களே மரத்துல ஏறிக் கட்டிக் குடுத்தேன்."

"அப்போ நீதான் அறுத்திருக்கணும்ங்கறாங்க."

"யமுனாக் கண்ணு கட்டும்போதே சொல்லிருச்சுங்க. ஆறரைல இருந்து ஏழு வரைக்கும் அந்தப் பொத்தான் முனைய மட்டும் கையில தொட்டுறாதீங்கன்னு. நான் அந்தப் பக்கமே போறதில்லீங்க."

"ஆறே முக்காலுக்கு எங்க இருந்தே?"

பெருமாயி தரையைப் பார்த்தாள்.

"சும்மா உக்காந்திருந்தேனுங்க."

"எங்க?"

"இங்கதானுங்க... எங்கியோ ஒரு பக்கம்."

பொய் சொல்லிப் பழகாத வாய் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. இத்தனை ஆபத்து தலைக்கு மேல் நிற்கும்போது, உட்கார்ந்திருந்த இடத்தைச் சொல்ல ஒருத்தி ஏன் கூசுகிறாள்? வளர்மதி அதற்கு மேல் நெருக்கவில்லை.

ஒன்பது நாற்பது.

ராஜாமணியின் வீடு ஐந்தாவது மரத்துக்கு நேர் எதிரே இருந்தது. சுத்தமான வீடு. கத்தரித்த செடிகள், துடைத்த படிகள். ஸ்பீக்கரில் பக்திப் பாடல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறையத் திருநீறு. ஏட்டைப் பார்த்ததும் பூஜை அறைக்குப் போய்த் திருநீற்றுத் தட்டை எடுத்து வந்து நீட்டினார்.

வளர்மதி கையை நீட்டினாள். சட்டென்று ஏதோ உறுத்தியது. என்னவென்று அப்போது பிடிபடவில்லை. பூசிக்கொண்டாள். குளிர்ந்த சாம்பல்.

"நானே கண்ணால பார்த்தேன். சரியா ஆறே முக்கால். மேலே ஏறி உட்கார்ந்து அரிவாளால் அறுத்துக்கிட்டு இருந்தா. மிளகு பறிக்கிறான்னு நினைச்சு விட்டுட்டேன்," என்றார் ராஜாமணி.

"பனியில எப்படிங்க தெரிஞ்சுது?"

"இருபதடிதானே? நல்லாத் தெரிஞ்சுது."

அந்தக் கம்பியால் தான் பட்ட பாட்டையும் சொன்னார். தினமும் காலை ஆறரைக்கு மேல் ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தம் வருமாம். சாமி பாட்டை நிம்மதியாகக் கேட்க முடியாதாம். அது எங்கிருந்து வருகிறது என்று ஒன்றரை வருடமாகத் தேடினாராம். "இப்போ பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு," என்று கண்ணை மூடி ஒரு நிமிடம் பாட்டில் லயித்தார்.

கீழே ஒரு பெண் பிழைத்தாளா என்று அவர் கேட்கவே இல்லை. அவருடைய மனைவி பொன்னம்மாள் காப்பி கொண்டு வந்தாள். தலையை நிமிர்த்தாத அம்மாள். வளர்மதி வேண்டாமென்று சொல்லிவிட்டு, கை கழுவப் பின்பக்கம் போனாள்.

துவைக்கிற கல்லின் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. நிமிர்த்திப் பார்த்தாள்; அடியில் காப்பி மண்டி இன்னும் காயவில்லை. கறிவேப்பிலைச் செடியின் கீழே, ஈர மண்ணில், செருப்பில்லாத பாதத்தின் தடம் பதிந்திருந்தது. சுவரில் தோட்டக் கத்தரிக்கோல் மாட்டியிருந்தது. வேலியோரம் ஒரு சிலந்தி வலை. அதில் பனித்துளிகள் கோத்து நிற்க, வலை முழுவதும் வெள்ளி இழையாகப் பளிச்சிட்டது. வளர்மதி அந்த வலையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்து இருபது.

அவள் மறுபடி ஐந்தாவது மரத்தடிக்குப் போய்க் கொடியின் வெட்டுவாயைப் பார்த்தாள். யமுனாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதில் கிடைத்ததும் தலையை ஆட்டினாள். முருகா என்று ஒருமுறை சொல்லிக்கொண்டு எல்லோரையும் ராஜாமணியின் வீட்டு முன் கூட்டினாள்.

"எல்லாரும் வாக்குமூலத்துல பெருவிரல் ரேகை வெக்கணும்," என்றாள்.

பெருமாயி மையில் விரலைத் தோய்த்து வைத்தாள். யமுனா வைத்தாள். சதீஷ்குமார் வைத்தான்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்," என்றார் ராஜாமணி.

"தெரியுங்க. ரேகைதான் வேணும். வலது கை."

அவர் கை வேட்டி மடிப்பிலிருந்து வெளியே வரவில்லை.

"கற்பூரம் சுட்டிருச்சு. ஆரத்தி காட்டும்போது," என்றார் கடைசியில்.

"சரிங்க, அப்போ நான் பேசறேன்," என்றாள் வளர்மதி. "எனக்குத் திருநீறு குடுத்தீங்க. இடது கையால குடுத்தீங்க. இத்தனை பக்தியுள்ள மனுசர் இடது கையால திருநீறு நீட்டி நான் பார்த்ததில்ல. அப்போ உறுத்துச்சு, புரியல. வலது கையில என்னன்னு காட்டுங்க."

அவர் காட்டினார். சுற்றியிருந்த பிளாஸ்திரியைச் சதீஷ்குமார் பிரித்தான். பெருவிரல் நுனியிலும் ஆள்காட்டி விரல் நுனியிலும், ஒன்றுக்கு நேர் எதிரே ஒன்றாக, ஊசியைக் காய்ச்சிக் குத்தியதுபோல் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. தோல் உள்ளே குழிந்து வெந்திருந்தது.

"கற்பூரம் சுட்டா கொப்புளம் வரும், கரி ஒட்டும். இது ரெண்டு விரலால ஒரு கம்பிய நுள்ளிப் பிடிச்சப்போ பட்ட சூடு. ரேடியோவுல பேசிக்கிட்டிருக்கும்போது கம்பியோட கடைசி முனைய வெறுங்கையால தொட்டா இப்படித்தான் சுடுமாம், யமுனா சொன்னாங்க. பெருமாயிக்கு அது தெரியும். தெரிஞ்சவ அந்த நேரத்துல தொட மாட்டா. தெரியாத ஒருத்தர்தான் தொட்டிருக்காரு."

ராஜாமணி வாயைத் திறந்தார். அவள் விடவில்லை, சொல்லிக்கொண்டே போனாள். மலையில் மிளகு பறிப்பவர்கள் பனி இறங்கிய மரத்தில் கால் வைப்பதில்லை. பட்டை வழுக்கும், ஈரச் சரம் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் ஏறி மரம் காயும் வரை காத்திருப்பார்கள். ஆறே முக்காலுக்கு மரத்தின் மேல் அவளைப் பார்த்தேன் என்று சொல்பவருக்கு இந்த மலையில் வேலை எப்படி நடக்கிறது என்றே தெரியாது. ஏணியில் தூசி படிந்திருந்தது, பையும் காய்ந்திருந்தது; இரண்டும் கொட்டகையை விட்டு வெளியே வரவேயில்லை. அரிவாள் வெட்டு சரிவாக, ஒரே இழுப்பாக விழும். இந்தக் கொடியோ இரண்டு பக்கமும் நசுங்கி அறுந்திருக்கிறது. அது கத்தரிக்கோல் வேலை.

"ஒன்றரை வருசமா கண்ணுக்குத் தெரியாத கம்பி இன்னிக்குத் தெரிஞ்சுது. பனித்துளி அதுல வரிசையா கோத்து நின்னிருக்கும். பாட்டு கரகரத்த கோபத்துல வெளிய வந்தீங்க, பார்த்தீங்க, பிடிச்சீங்க. சுட்டதும் ஆத்திரம் அதிகமாயிருச்சு. கத்தரிக்கோல எடுத்துட்டு வந்து கொடியோட சேர்த்து அறுத்து, இழுத்துச் சுருட்டி, அந்தம்மா பையில வெச்சீங்க. அறுத்ததக்கூட விட்டுரலாம். பையில வெச்சீங்களே."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "பொன்னம்மா, அவ மரத்துக்கிட்ட நின்னதை நீயும் பார்த்தியல்ல?"

பெருமாயி அவசரமாகக் குறுக்கிட்டாள். "வேண்டாமுங்க, அம்மாவ எதுவும் கேக்காதீங்க. நான் எங்கியோ இருந்தேனுங்க."

பொன்னம்மாள் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினாள்.

"அவ என் பின்வாசப்படியிலதான் உட்கார்ந்திருந்தா. பனி நாள்ல தினமும் ஒரு டம்ளர் காப்பி குடுப்பேன். உங்களுக்குப் பிடிக்காதுன்னு பின்னாலயே குடுத்தேன். அவ வெளிய சொல்லாததும் எனக்காகத்தான்." கணவரின் வலது கையைப் பார்த்தாள். "நம்ம வீட்டுல கற்பூரம் நேத்தே தீர்ந்துபோச்சு."

பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ உள்ளே போய் நிறுத்தினார்கள்.

"பிரசவக் கேசுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ராஜாமணி.

"இப்போ தெரியும். இப்பவும் அந்தப் பொண்ணு எப்படி இருக்கான்னு நீங்க கேக்கல," என்றாள் வளர்மதி. அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மரத்தைப் பார்த்தாள்.

பதினொன்று ஐந்து.

சங்கக் கூட்டம் நடக்கவில்லை. மரங்களில் வெயில் விழுந்து பட்டை காய்ந்திருந்தது. பெருமாயி செருப்பைக் கழற்றி, மரத்தடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மூங்கிலில் ஏறினாள். வெட்டுப்பட்ட கொடியை ஒரு கணம் தடவிவிட்டுத்தான் கம்பியைக் கட்டினாள். இந்த முறை பொத்தான் முனை யாருக்கும் எட்டாத உயரத்துக்குப் போனது.

யமுனா கூப்பிட்டாள். மூன்று முறை இரைச்சல்தான் வந்தது. நான்காவது முறை ராசப்பனின் குரல் கேட்டது.

"வகைய சொல்றதுக்குள்ள போயிட்டீங்க. சாதாரண ரத்தமா இருந்தா ரேடியோவுல கேக்க மாட்டீங்கன்னு நினைச்சேன். நெகட்டிவ்ல இருக்கற வகை அத்தனைக்கும் ஆள் தேடி, பதினோரு பேர ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்திட்டேங்க. லாரி டிரைவர் ரெண்டு பேர் பாதி லோடோட வந்துட்டாங்க. ரத்தம் ஏறிட்டு இருக்கு. பொட்டப்புள்ள. ரெண்டும் சௌக்கியம்."

யமுனா மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

வளர்மதி வெளியே வந்தாள். ராஜாமணி போலீஸ் ஜீப்பில் ஏறுவதற்காக வாசலில் நின்றிருந்தார். அவரைத் தாண்டிக்கொண்டு பொன்னம்மாள் முன்வாசல் வழியாக இறங்கி வந்தாள். கையில் அதே எவர்சில்வர் டம்ளர். பதினான்கு வீட்டு ஜன்னல்களும் பார்க்க மரத்தடிக்கு நடந்து போய், வலது கையால் அதைப் பெருமாயியிடம் நீட்டினாள்.

பிறகு ஏட்டைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கும் ஒரு வாய்?"

"குடுங்கம்மா," என்றாள் வளர்மதி.